அரிவாள்மனையின் கூர்

திருப்பதி ஓட்டல் ஒன்றின் வரவேற்பு மேசையில் நாளெல்லாம் நின்றுவிட்டு, பஸ் பிடித்து வடமாலபேட்டைக்குத் திரும்புகிறவன் நான். மரவேலைதான் என் பொழுதுபோக்கு. உடம்பு அசந்திருந்தால் மரத்தைத் தொடமாட்டேன். உளிகளை மட்டும் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டிருப்பேன். கைமுடியை மழிக்கிற அளவுக்குக் கூர் வரவேண்டும் எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அரிவாள்மனையைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னாங்க, இதையும் கொஞ்சம் தீட்டிக் குடுங்க. பூசணி அறுக்க முடியல."

பல தடவை கேட்டதுதான். அன்றுதான் செய்தேன். உளிக்குத் தருகிற அதே கூரைத் தந்தேன்.

கொஞ்ச நேரத்தில் சமையலறையில் "ஐயோ!" என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் உள்ளங்கையில் ரத்தம்.

"பார்த்து அறுக்கக் கூடாதா?" என்று பயத்தில் கத்திவிட்டேன்.

துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "பாத்துத்தாங்க அறுத்தேன். இத்தினி வருஷமா அமுக்கி அமுக்கி அறுத்துக்கினு இருந்த கை. இவ்ளோ லேசா எறங்கும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அவள் குரலில் கோபமே இல்லை, அசதிதான் இருந்தது. இந்த வீட்டில் அசந்துபோகிறவன் நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மீதிப் பூசணியை நான்தான் அறுத்தேன். அமுக்கவே வேண்டியிருக்கவில்லை.