ஆட்டோ டெபிட்டுக்கு ஒரு காவல்

அருப்புக்கோட்டையிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வந்து பல்சக்கரம் கடையும் கமலக்கண்ணனுக்குப் பதினோரு வருடமாக ஒரே பழக்கம். ஆட்டோவில் போட்டால் மெஷின் தானாகவே இரும்பைச் சீவும். ஆனாலும் சிவப்பு ஸ்டாப் பொத்தானுக்குக் கை எட்டும் தூரத்தை விட்டு அவர் நகர மாட்டார். ஒன்றுக்குப் போவதென்றாலும் பக்கத்து மெஷின்காரரைக் காவல் வைத்துவிட்டுத்தான் போவார்.

இரண்டாயிரத்து ஏழில் வங்கிக்காரப் பெண் அவரிடம் ஒரு படிவத்தை நீட்டினாள். "ஆட்டோ டெபிட் சார். ஒருக்கா கையெழுத்துப் போட்டா, மாசாமாசம் போன் பில்லு உங்க கணக்குல இருந்து தானாவே கட்டிக்கும்."

"நடுவுல நிறுத்தணும்னா பொத்தான் எங்க மேடம்?"

"எழுதிக் குடுத்தாப் போதும் சார்" என்று சிரித்தாள்.

பில் கட்டும் நாள் வந்தது. காலை ஷிப்ட் முடிந்து வந்தவர் தொலைபேசி அருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வெளியே தூறல். கண் செருகியது. எங்கோ ஒரு சக்கரம் மெல்லச் சுழல, எண்கள் வெள்ளிச் சுருள்களாக உதிர்ந்து மிதந்தன. குக்கர் விசிலும் துணி அலசும் ஓசையும் காபி மணமும் அந்தச் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றன.

"ஏங்க, அங்க என்ன காவல்?" மனைவி ஜெயமணி ஈரக் கையோடு நின்றாள்.

"பில்லு ஆட்டோல ஓடுது புள்ள. பக்கத்துல ஆள் இருக்கணும்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"பதினோரு வருசமா இந்த வீடும்தான் தானா ஓடுது. ஒரு நாளாவது பக்கத்துல வந்து நின்னிருப்பீங்களா?"