மகள் பயந்த கதிரை

கதிரையில் உட்கார்ந்து அஸர் தொழுதுவிட்டு இன்னும் எழும்பவில்லை, அதற்குள் வீட்டின் பின்னால் குசினிப் பக்கம் தொம்மென்று சத்தம். ஓடினேன். உடுப்பு வாளியோடு மகள் படியில் விழுந்து கிடந்தாள். முழங்கால் சில்லு காலின் வெளிப்பக்கம் போய் முட்டை போலப் புடைத்திருந்தது. யா அல்லாஹ்!

"பயப்படாதீங்க உம்மா, வந்துரும்."

காலை மெல்ல நீட்டி, உள்ளங்கையால் தள்ளினாள். சில்லு இடத்துக்கு வந்தது.

அவள் கை அதற்குப் பழகியிருந்தது. அதைக் கண்டுதான் எனக்குப் பயம் வந்தது. என் சில்லும் வருடக்கணக்கில் இப்படித்தான் கழன்றது, நானும் இப்படித்தான் தள்ளிச் சமாளித்தேன். இவள் கைக்குழந்தையாக இருக்கும்போதுதான் முழங்காலுக்குக் கீழே எலும்பை வெட்டி, நகர்த்தி, திருகாணி போட்டார்கள்.

"எப்ப இருந்து புள்ள?"

"போன நோன்புக்கு முந்தி."

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா வெட்டுவாங்க. பொறகு நானும் உங்களப் போல கதிரையிலதான் தொழணும். தலையத் தரையில வெச்சி சுஜூது செய்ய ஏலா."



மறுநாள் மாத்தளை டவுனில் எலும்பு டாக்டரிடம் போனோம். இரண்டு பேரின் காலையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

"ஒப்பரேசனுக்குப் பிறகு உங்கள் சில்லு கழன்றதா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

வெட்டினதைக் குறை சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஒரு நாளும் இல்லை" என்றுதான் வந்தது. அதுவரை அதை நான் யோசித்ததே இல்லை.

எலும்பு நன்றாகப் பொருந்தியிருக்கிறதாம். முழங்காலை ஊன்றினால் குத்துவது திருகாணித் தலையாம். சில்லின் பின்பக்கம் தேய்ந்திருப்பது வெட்டியதால் மட்டும் என்று சொல்ல முடியாதாம், அதற்கு முன் கழன்று கழன்று உரசியதுதான் பெரும் காரணமாம். மகளுக்கும் இதே ஒப்பரேசன்தான் நல்லதாம். அவள் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்ப உக்குவளை பஸ்ஸில் ஏறினோம். மகள் கேட்டாள்:

"நீங்க படுத்திருக்கக்குள்ள யாரு சமைச்ச?"

"உங்க வாப்பா. மாசக்கணக்கா."

"அல்லாஹ்! வெட்டுறத விட அதுதான் பயமா ஈக்கு."

"அந்தச் சோத்தத் தின்டும் நான் உயிரோடதானே ஈக்கிறன்?"

சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "சரி உம்மா, டாக்டர்ட்ட செய்யச் சொல்லுங்க. சில்லு இன்னும் தேய முந்தி" என்றாள்.

அன்று மஃரிப் தொழுகைக்கு அவளே எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டு, பக்கத்தில் பாயை விரித்தாள். அவள் சுஜூதுக்கு முழங்காலை மடிக்கும்போது என் கண் அங்கே போய்விட்டது. தொழுகையில் கண்ணை அலைய விடக் கூடாதென்று தெரியும். அல்லாஹ், என் றப்பு, மன்னிப்பான்.