‘சூலிட்’ முத்திரை விழுந்த ஒரு வரைபடம்: பிரிக்பீல்ட்ஸ் வழியாக ஷா ஆலம்

இந்தப் பதிவில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எங்களுக்குப் பெருமை தராத பகுதிகளையும் விடப்போவதில்லை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். நாங்கள் போன அரசுத் துறை எது, கட்டடம் எது என்று சொல்லமாட்டேன். மற்றதெல்லாம் என் குறிப்பேட்டில் அன்றைக்கே எழுதியது. அம்மா முழுவதையும் படித்து, இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திய பிறகுதான் வெளியிடுகிறேன்.

பயணம் பள்ளி விடுமுறையின் முதல் செவ்வாய்க்கிழமை. நான் படிவம் நான்கில் (பத்தாம் வகுப்பு) படிக்கிறேன், வீடு கிள்ளானில். அம்மா ஒரு கணினிப் பாதுகாப்பு நிறுவனம் நடத்துகிறார். நிறுவனம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே ஓர் அறை, அம்மா, இரண்டு ஊழியர்கள், அவ்வளவுதான். வாடிக்கையாளரின் அனுமதியோடு அவர்களுடைய கணினிகளுக்குள் திருடனைப் போல நுழைய முயன்று பார்த்து, எந்தக் கதவு பூட்டாமல் கிடக்கிறது என்று எழுதிக் கொடுப்பது இவர்கள் வேலை.

இவ்வளவு சிறிய நிறுவனத்துக்குத் தனியாக அரசாங்க வேலை கிடைப்பது கடினம். அதற்காகத்தான் சங்கம். கேமரா பொருத்துகிறவர், மடிக்கணினி பழுதுபார்க்கிறவர், கம்பி இழுக்கிறவர், அச்சகம் வைத்திருக்கிறவர் என்று இருபத்து மூன்று சிறு தொழில்காரர்கள் சேர்ந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகம் வைத்திருந்தார்கள். சங்கத்தின் பெயரில் விண்ணப்பித்து, ஒன்றரை ஆண்டுகளுக்கு முன் ஷா ஆலமில் உள்ள ஓர் அரசுத் துறையின் இணையப் பாதுகாப்பு வேலையை வாங்கினார்கள். சோதனை வேலை முழுவதும் அம்மாவுடையது. அந்த ஒப்பந்தம் போனால் இரண்டு ஊழியர்களையும் அனுப்பிவிட்டு அறையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். அம்மா சொல்லவில்லை, தொலைபேசியில் பேசியதைக் கேட்டேன்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கடிதமும் ஒருவருக்கு மட்டும் போகாது. ஆரம்ப காலத்தில் யாரோ ஒருவர் வேலை அறிவிப்பு ஒன்றை மறைத்து, தானே எடுத்துக்கொண்டாராம். அதில் சங்கமே உடையப் பார்த்ததாம். அன்றிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் செயலாளர் மணியம் அங்கிள் அதை எல்லாருடைய கைப்பேசிக்கும் போகும் புலனக் குழுவில் போட்டுவிடுவார். “எல்லாரும் பாத்தாச்சா?” என்று கேட்பார். பார்த்தவர்கள் கட்டைவிரல் போடுவார்கள்.

பயணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை துறை ஒரு வரைபடத்தை அனுப்பியது. அங்குள்ள கணினிகள் ஒன்றோடொன்று எப்படி இணைந்திருக்கின்றன என்று காட்டும் வரைபடம். எல்லாப் பக்கங்களின் தலையிலும் ‘சூலிட்’ என்ற முத்திரை. எங்கள் தேர்வுத் தாள்களில் இருக்கும் அதே மலாய்ச் சொல். இரகசியம் என்று பொருள். அம்மாவும் வேறு இருவரும் மட்டுமே பார்க்க வேண்டியது. மணியம் அங்கிள் வழக்கப்படி குழுவில் போட்டார். திறக்க முடியவில்லை என்று இரண்டு பேர் சொன்னதும் கடவுச்சொல்லையும் கீழே போட்டார். பத்தொன்பது கட்டைவிரல்கள் விழுந்தன.

அம்மா பார்த்தது ஞாயிறு மதியம். உடனே அங்கிளை அழைத்தார்.

“சூலிட்னா வெளியாளுக்குத்தானே தங்கச்சி? நம்ம மெம்பருக்கு என்னா சூலிட்டு?” என்றார் அங்கிள். அவர் குரலில் விளையாட்டு இல்லை. உண்மையாகவே கேட்டார்.

அவர் அழித்துவிட்டார். ஆனால் பலர் ஏற்கெனவே இறக்கி வைத்துவிட்டார்கள். அச்சகக்காரர், எழுத்து சின்னதாக இருக்கிறதென்று பெரிய தாளில் அச்சடித்தே பார்த்துவிட்டார். இப்படி ஏதாவது நடந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். தெரிவிக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்பதும் உண்மை.

“நான் சொல்லப் போறேண்ணே.”

“சொல்லித்தான் ஆகணுமா?”

“ஆகணும்.”

அன்று மாலையே அம்மா எழுதி அனுப்பினார். செவ்வாய் காலை பத்தரைக்கு நேரில் வந்து விளக்கச் சொல்லி மறுநாள் பதில் வந்தது. விடுமுறை என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். அரசு அலுவலகத்தை உள்ளே போய்ப் பார்க்கலாம் என்ற ஆசையும் இருந்தது. அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

கிள்ளான் நிலையத்தில் காலை 7.12 கொமுட்டர் ரயில். அம்மாவின் பயண அட்டையில் 4 வெள்ளி (ரிங்கிட்) 90 காசு கழிந்தது. மாணவர் அட்டை இருந்ததால் எனக்குப் பாதி. பாடாங் ஜாவா தாண்டியதும் ஷா ஆலம் நிலையம் வந்தது. நாங்கள் போக வேண்டிய ஊர் அதுதான், ஆனால் இறங்கவில்லை. அசல் ஒப்பந்தமும் சங்க முத்திரையும் பிரிக்பீல்ட்ஸ் அலுவலக அலமாரியில் இருந்தன. அந்த அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி செயலாளரிடம், ஒரு சாவி துணைச் செயலாளரான அம்மாவிடம். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் திறக்கும். தாளுக்கு இவ்வளவு காவல் வைத்தவர்கள் கைப்பேசியை மறந்துவிட்டார்களே என்று நினைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

8.19க்கு கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து சங்க அலுவலகத்துக்குப் பதினொரு நிமிட நடை. நடைபாதையில் பார்வையற்றவர்களுக்காகப் பதித்த மஞ்சள் ஓடுகளின் மேல் யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். வெள்ளைக் கோல் வைத்திருந்த ஒருவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, திட்டாமல் சுற்றிப் போனார். பூக்கடைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இரண்டு ரொட்டி சானாய், இரண்டு தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்), 8 வெள்ளி 40 காசு. அம்மா ரொட்டியைப் பிய்த்து வைத்தார், சாப்பிடவில்லை.

அலுவலகத்தில் மணியம் அங்கிளோடு நூர்தீன் பாயும் இருந்தார். பாய்க்கு மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் கேமரா கடை. அதே ஒப்பந்தத்தில் கேமரா வேலை அவருடையது.

“வாங்க வாங்க, போலீஸ்காரம்மா. நம்மள நாமளே பிடிச்சுக் குடுத்தாச்சு, இப்ப விலங்கு மாட்டப் போறீங்களா?” என்றார் பாய்.

“காலையிலயே ஆரம்பிக்காத பாய்,” என்றார் அங்கிள். “மெமோ எழுதாட்டி நாளைக்கு அவங்களே கண்டுபிடிச்சா அசிங்கம்லா.”

“கண்டுபிடிச்சாத்தானே!”

அம்மா அலமாரியில் தன் சாவியைப் போட்டார்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஷா ஆலம் 24 கிலோமீட்டர். வாடகைக் காரில் 31 வெள்ளி, 38 நிமிடம். ஓட்டுநர் அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, “கவர்மென்ட் ஆபீஸா? பாப்பா ஸ்லிப்பர் போடல, நல்லது. போன வாரம் ஒரு அங்கிள வாசல்லயே திருப்பி விட்டுட்டாங்க. என் ஷூவ கழட்டிக் குடுத்தேன்,” என்றார்.

“உங்க ஷூ அவருக்குப் பத்துச்சா?” என்று கேட்டார் மணியம் அங்கிள்.

“பத்தல லா. குதிகால் வெளியிலதான். ஆனா வேல முடிஞ்சிருச்சு.”

அங்கிள் சத்தமாகச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

என்னை உள்ளே விடவில்லை. அடையாள அட்டையை வாங்கிப் பெயர் எழுதிக்கொண்டு, கைப்பேசிகளைச் சிறிய பெட்டிகளில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். அம்மாவும் அங்கிளும் 10.25க்கு மேலே போனார்கள். நான் கீழே காத்திருந்தேன். காவலில் இருந்தவர் சந்திரா அக்கா.

“ஃபார்ம் ஃபோரா? லீவுல வந்து உக்கார வேற எடமே கெடக்கலையாம்மா?” என்று கேட்டார். என் குறிப்பேட்டைப் பார்த்ததும், “ஏய், என் பேரெல்லாம் எழுதாத, எனக்குப் புரமோஷன் வரணும்,” என்றார். எழுதவில்லை, இது வேறு பெயர்.

11.50க்கு அங்கிள் மட்டும் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒப்பந்தக் கோப்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“முடிஞ்சிருச்சு பாப்பா. இன்னியோட ஒப்பந்தம் கட்.”

“திட்டினாங்களா அங்கிள்?”

“இல்லம்மா. அதிகாரி ரொம்ப மரியாதையா பேசுனாரு. எத்தன பேருக்குப் போச்சுன்னு கேட்டாரு. இருபத்து மூணுன்னேன். ஏன்னு கேட்டாரு. எங்க சங்கத்துல ஒருத்தருக்கு மட்டும்னு எதுவும் கெடையாதுன்னேன். அது நல்ல பழக்கம், ஆனா அந்தப் பழக்கம் இருக்கிற எடத்துல எங்க வேலையக் குடுக்க முடியாதுன்னுட்டாரு.” கோப்பின் ஓரத்தை நீவினார். “நல்ல பழக்கம்னு அவரே சொன்னாரு, கேட்டியா?”

அம்மாவை மட்டும் இன்னும் பத்து நிமிடம் இருக்கச் சொன்னார்களாம். அவர் வந்ததும் அங்கிள் எழுந்து நின்றார்.

“தனியா என்னா சொன்னாங்க தங்கச்சி?”

“சொல்லக்கூடாதுண்ணே. கடிதம் வரட்டும்.”

“எங்கிட்டயுமா?”

“ஆமாண்ணே.”

பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பி வரும்போது அங்கிள் காரின் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். காலையில் மூவரும் பின்னால் நெருக்கிக்கொண்டு போனோம். வந்த கட்டணம் 29 வெள்ளி, 41 நிமிடம், பாதி வழியில் மழை. நானும் அம்மாவிடம் கேட்டேன். அதே பதில்தான் எனக்கும்.

இதே போன்ற வேலையாகப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன். கிள்ளானிலிருந்து நேராகப் போவதானால் கொமுட்டரில் ஷா ஆலத்தில் இறங்கி அங்கிருந்து கார் பிடியுங்கள். அலுவலகங்கள் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இல்லை. மூடிய காலணி கட்டாயம். அரை மணி முன்னதாகப் போங்கள், வாசலிலேயே இருபது நிமிடம் ஆகிறது. கைப்பேசி உள்ளே வராது என்பதால் தேவையான எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சங்கமாகச் சேர்ந்து இப்படிப்பட்ட வேலை எடுப்பவர்கள், கையெழுத்துப் போடும் முன்பே எந்தத் தாளை யார் பார்க்கலாம் என்று பெயர் பெயராக எழுதி எல்லாரிடமும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வரைபடம் வந்த பிறகு அதைச் சொன்னால் நம்பிக்கை இல்லாததுபோல் ஆகிவிடும். நண்பர்களிடம் மறைப்பது தவறு என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது என்ன நினைப்பது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அம்மா சொல்லாததை ஒன்பது நாள் கழித்து வந்த கடிதத்தில்தான் படித்தேன். தவற்றைத் தானே முன்வந்து தெரிவித்ததால், அம்மாவின் நிறுவனம் மட்டும் தனியாகச் சோதனை வேலையைத் தொடரலாம் என்று துறை முடிவு செய்திருந்தது. கடிதம் வரும்வரை யாரிடமும் பேசக்கூடாது என்பதுதான் நிபந்தனை. அம்மா ஒப்புக்கொண்டார். இரண்டு ஊழியர்களும் இருக்கிறார்கள். கடிதத்தைப் பிரித்த அன்றே அம்மா சங்கக் குழுவில் எல்லாருக்கும் சொன்னார். ஒரு கட்டைவிரல்கூட விழவில்லை.

செவ்வாய் மாலைக்குத் திரும்புகிறேன். மாலை ஆறு மணிக்குள் எல்லாரும் வரைபடத்தை இரண்டு சாட்சிகள் முன்னால் அழித்துக் கையெழுத்திட வேண்டும் என்று துறை சொல்லியிருந்தது. காஜாங், பூச்சோங், ரவாங் என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். சங்கத்துக்கு ஒரே நாளில் அத்தனை பேர் வந்ததை அம்மாவே பார்த்ததில்லையாம். சாட்சிகளாக அங்கிள் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். வருகிறவர் கைப்பேசியை நீட்டி, வரைபடத்தைக் காட்டி, அழித்து, பெயருக்கு நேரே கையெழுத்திட்டார். அச்சகக்காரர் பெரிய தாளைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார். கத்தரிக்கோல் கேட்டு, தானே பொடிப்பொடியாக வெட்டினார்.

நூர்தீன் பாய் கடைசிக்கு முந்தி வந்தார். “ஒங்கள மட்டும் தனியா கூப்பிட்டாங்களாமே. என்னா பேசுனாங்க? குரூப்ல போடுங்க, எல்லாரும் பாக்கலாம்.”

அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

“சொல்லக்கூடாது பாய்.”

“சரிதான்,” என்றார் பாய். “ஒன்றர வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் இது செக்யூரிட்டி கம்பெனி மாதிரி இருக்கு.”

யாரோ சிரித்தார்கள். “விடு பாய். அந்தம்மா செய்யறது சரிதான்,” என்றார் மணியம் அங்கிள். அதைச் சொல்லும்போதும் அம்மா பக்கம் திரும்பவில்லை.

ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். வழக்கமாகக் கூட்டம் முடிந்தால் கீழே கடையில் எல்லாரும் தேநீர் குடிப்பார்கள். அன்று படியிலிருந்து கேட்ட காலடிகள் நேராகத் தெருவுக்குப் போயின. 5.48க்கு அங்கிள் தன் கைப்பேசியிலிருந்து அழித்து, இருபத்து மூன்றாவது கையெழுத்தைப் போட்டார். தன் அலமாரிச் சாவியைப் பட்டியலின் மேல் வைத்தார். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அம்மா இன்னும் மேசையில் குனிந்து, பெயர்களை ஒன்றிலிருந்து சரிபார்த்துக்கொண்டிருந்தார். பதினாறாவது பெயரில் விரல் இருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். வாசல் பக்கம் சுவிட்சுகளை மூன்று முறை தட்டும் சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் உள்ளே இருக்கும்போதே அங்கிள் விளக்குகளை அணைத்துவிட்டுப் போனார்.