ஷமீம் மேடத்தின் இரண்டாவது கேள்வி

அடையாறு சிக்னலில் பேருந்து நின்றிருந்தபோது எங்கள் கல்லூரித் துறையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஷமீம் மேடம் போய்விட்டார். நான் இறங்குவதற்குள் வரிசையாகக் கைகூப்பும் படங்கள். பேசவும் எழுதவும் அவரிடம் கற்ற பிள்ளைகள். ஒருவருக்கும் ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு மட்டும் என்ன வந்தது? நானும் அதையேதான் போட்டேன்.

தகவல் அறிவியல் மாணவர்களுக்கு அவர் பேச்சுத்திறன் வகுப்பு எடுத்தார். பக்கத்து அறையில் நான் கணினி வகுப்பு எடுத்தேன். நேர்முகத் தேர்வுக்கு ஆங்கிலம் பழக்கும் வகுப்பு என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவரோ பிள்ளைகளை மேற்கு மாம்பலத்தில் ஒரு கிளை நூலகத்தின் கவுன்ட்டரில் கொண்டுபோய் நிறுத்துவார். ஒரே விதி. வந்தவர் கேட்டதும் கணினியைத் தொடக் கூடாது. பதிலுக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும். “ஜனங்க மொதல்ல கேக்கறது பாதிதான். மீதிய நாம கேட்டாதான் சொல்லுவாங்க” என்பார்.

ஒருநாள் ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து ஒருவர் சட்டப் புத்தகம் கேட்டு வந்தார். மாணவன் தடிமனாக ஒன்றை எடுத்து நீட்டினான். மேடம் குறுக்கே வந்து, “எதுக்குண்ணா வேணும்?” என்றார்.

“வூட்ட இடிக்கப் போறாங்கம்மா. நோட்டீஸ் ஒட்டிக்கீறாங்க. இன்னா எழுதிக்கீதுன்னே புரியல.”

பிள்ளைகள் அதைப் படித்துச் சொல்லி, மனுவும் எழுதிக் கொடுத்தார்கள். வீடு தப்பவில்லை. அவரை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். “கேட்டு என்ன பிரயோஜனம் மேடம்?” என்று சீண்டினேன். “அந்த நோட்டீஸ அவர் தனியா படிக்கலயே சார்” என்றார்.

கோடை விடுமுறையில் ஒரு மாலை போன் செய்தார். “சார், மயிலாப்பூர் பக்கம் நல்ல கேன்சர் டாக்டர் யாராவது தெரியுமா?” என் மாமனாருக்கு வைத்தியம் பார்த்தவரின் பெயரைச் சட்டென்று சொன்னேன், நம்பரையும் அனுப்பினேன். “ரொம்ப தேங்க்ஸ் சார்” என்றவர், கொஞ்ச நேரம் போனை வைக்கவில்லை. நான் வைத்துவிட்டேன். உதவி செய்த திருப்தியில் காபி போட்டுக் குடித்தேன். சீ, என்ன மனிதன் நான்.

துக்கம் கேட்கத் திருவான்மியூரில் அவர் வீட்டுக்குப் போனபோது அவருடைய தம்பி கையைப் பிடித்துக்கொண்டார். “அக்கா நோயப் பத்தி யாருக்குமே சொல்லல சார். உங்களுக்கு மட்டும் தெரியும் இல்ல? டாக்டர் நம்பர் நீங்கதானே குடுத்தீங்க?” ஆமாம் என்று தலையாட்டினேன்.

இந்தப் பருவத்தில் அவருடைய வகுப்பை எனக்கே தந்திருக்கிறார்கள். அவரிடம் படித்தவர்களே, உங்களிடம் இதை ஒப்புக்கொள்ளாமல் அந்த அறைக்குள் நுழைய எனக்கு யோக்கியதை இல்லை. ஒப்புக்கொண்ட பிறகும் இல்லை. “யாருக்கு மேடம்?” என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவர் போனை வைக்காமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் போதும். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.