கொடுக்கும் வினைகளின் ஆசிரியர்

முதுகுக்குப் பின்னால் மாணவர்கள் அவரை ‘இரட்டையார்’ என்று அழைத்தார்கள். காரணம் எளியது. ஆங்கிலத்தில் கிவ், லெண்ட், செண்ட், பை, பிரிங் போன்ற சில வினைகளுக்குப் பின்னால் இரண்டு பேர் வரிசையில் நிற்கவேண்டும். பெறுகிறவர் முன்னால், பொருள் பின்னால். ‘கிவ் மீ எ பென்.’ இந்த வரிசையைக் காப்பதற்கென்றே அவர் பத்தொன்பது ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்திவந்தார். மாணவர்களில் ஒருவரான ரொட்டிக்கடைக்காரர் ஒருநாள் ‘கிவ் பென் மீ’ என்று சொல்லிவிட, ஆசிரியர் கண்களை மூடிக்கொண்டு சற்று நேரம் சுவரில் சாய்ந்து நின்றார்.

கொடுத்தல், ஈதல், வாங்கித்தருதல் ஆகியவற்றைப் பற்றி இத்தனை நுட்பமாக அறிந்த ஒருவர் வேறெங்கும் இருக்கமாட்டார். அவற்றில் ஒன்றையேனும் அவர் செய்ததாகத்தான் தகவல் இல்லை.

அவருடைய மனைவி சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் பிரிவின் மேற்பார்வையாளர். மாலை ஐந்துக்கு வேலை முடியும். வீடு மூன்றாவது மாடியில். அதற்குச் சாவி ஒன்றே ஒன்று. அது ஆசிரியரின் இடுப்பில், எஃகுச் சங்கிலியில் தொங்கியது. கரும்பலகையில் அவர் எழுதும்போதெல்லாம் கிணுகிணுவென்று ஒலிக்கும். வகுப்பு முடிந்து அவர் வீடு திரும்ப இரவு எட்டு மணியாகும். அதுவரை அந்த அம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். ஓராண்டு ஈராண்டு அல்ல, பதினோரு ஆண்டுகள்.

“இன்னொரு சாவி செஞ்சுக்கலாங்க,” என்று அவர் கேட்காத மாதமில்லை.

“ஒரு சாவி இருந்தா ஒண்ணுதான் தொலையும். ரெண்டு இருந்தா ரெண்டும் தொலையும். யோசிச்சுப் பாரு,” என்பார் ஆசிரியர். அந்த அம்மாளும் யோசித்துப் பார்த்தார். யோசிப்பதற்குத்தான் தினமும் மூன்று மணி நேரம் கிடைத்ததே.

முழங்கால் வலி தொடங்கிய ஆண்டில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். “படியில உக்கார்றதுக்கு உங்க பெஞ்சுல உக்கார்றேன். அதுல சாயவாவது முடியும்.” ஆசிரியர் பெருந்தன்மையோடு இசைந்தார். ஆனால் நிபந்தனை ஒன்று விதித்தார்: வகுப்பில் உறவு வெளியே தெரியக்கூடாது, தெரிந்தால் ஒழுங்கு கெட்டுவிடும். ஆகவே பதினோரு ஆண்டு படிக்கட்டில் காத்திருந்தவர், ‘கடைசி பெஞ்ச் அம்மா’ என்னும் புதிய பெயரோடு உள்ளே வந்தமர்ந்தார்.

வெள்ளிக்கிழமை தோறும் அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் கொடுத்தலைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லவேண்டும்; அது தம் வாழ்க்கையில் உண்மையாகவே நடந்ததாக இருக்கவேண்டும். மற்றவர்கள் குறுக்கு விசாரணை செய்யலாம். பொய்யென்று தெரிந்தால் நின்றபடியே வேறொன்று சொல்லவேண்டும். இந்த விதியை வகுத்தவர் ஆசிரியரே. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

அன்று லிஃப்ட் மெக்கானிக் தம் மாமியாருக்கு நாற்காலி கொடுத்ததாகச் சொல்லி, விசாரணையில் அது கால் உடைந்த நாற்காலி என்று ஒப்புக்கொண்டு அமர்ந்தார். அடுத்துக் கடைசி பெஞ்ச் அம்மா எழுந்தார்.

“மை ஹஸ்பண்ட் கேவ் மீ எ கீ.”

பிழையே இல்லை. ஆசிரியர் அவசரமாகச் சொன்னார்: “கரெக்ட். உக்காருங்க.”

“இருங்க சார், விசாரிக்கணும்ல?” என்றார் பூட்டுக்கடைக்காரர். சாவி என்றதும் அவருக்குத் தொழில் ஆர்வம் வந்துவிட்டது. “என்ன சாவிம்மா? எப்பக் குடுத்தாரு?”

“வீட்டுச் சாவி. இன்னும் குடுக்கல.”

“அப்ப பொய்யாச்சே!”

“ஆமா. உண்மையா நடந்தது எதுவும் எனக்கு ஞாபகம் வரல.”

எல்லோரும் கடைசி பெஞ்சைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். பிறகு படிக்கட்டின் கதை முழுவதும் வெளியே வந்தது.

“பதினோரு வருஷமா?” ரொட்டிக்கடைக்காரர் கொதித்தார். “அந்த மனுஷனை எங்க அடுப்புல வெச்சு எடுக்கணும்மா!”

“அடுப்பு கெட்டுப்போயிடும்ணே,” என்றார் மெக்கானிக். “சார், நீங்களே சொல்லுங்க. இப்படி ஒரு ஆளு இருப்பானா?”

ஆசிரியர், பொதுவாக ஆண்களுக்கு வெளியே தெரியாத பொறுப்புகள் பல உண்டு என்னும் கருத்தை, கரும்பலகையைத் துடைத்தபடியே முன்வைத்தார். கரும்பலகை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“அதெல்லாம் விடுங்கம்மா,” என்றார் பூட்டுக்கடைக்காரர். “சாவியை மட்டும் கொண்டாங்க, பத்தே நிமிஷம். காசு வேண்டாம். எங்க வெச்சிருக்காரு?”

“இடுப்புலதான். எஃகுச் சங்கிலியில கோத்து. குளிக்கறப்ப மட்டும் கழட்டுவாரு.”

அந்த நேரம் பார்த்து ஆசிரியர் கரும்பலகையின் மேல்மூலையைத் துடைக்கக் கையை உயர்த்தினார். கிணுகிணுவென்று ஒலித்தது.

பதினான்கு பேரின் கண்களும் ஓரிடத்தில் போய் நின்றன. இத்தனை ஒழுங்கான கவனத்தை அவர் பத்தொன்பது ஆண்டுகளில் ஒருநாளும் பெற்றதில்லை. ரொட்டிக்கடைக்காரர் மெதுவாகக் குனிந்து தம் நோட்டைப் பிரித்தார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

பூட்டுக்கடைக்காரர் மட்டும் எழுந்து போய்க் கையை நீட்டினார். “கிவ் மீ த கீ, சார்.”

வரிசை சரியாகவே இருந்தது. ஆசிரியரால் அதில் ஒரு குறையும் காணமுடியவில்லை. சங்கிலியைக் கழற்றினார். பத்தே நிமிடத்தில் சாவி இரண்டாயிற்று; ஒன்று அவர் சங்கிலிக்கே திரும்பியது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் சலவைச் சட்டை அணிந்துவந்தார். போன வாரத்துப் பொய் இந்த வாரம் உண்மையாகிவிட்டது. அதை எல்லோர் முன்னிலையிலும் அந்த அம்மாள் எழுந்து சொல்லப்போகிறார். சொன்னதும் தாம் அடக்கமாகத் தலையசைக்கவேண்டிய முறையைக்கூட ஆசிரியர் கண்ணாடி முன் பழகியிருந்தார்.

கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது.

“அம்மா வரலியா சார்?” என்றார் மெக்கானிக்.

“அவங்க எதுக்குய்யா வரணும்?” என்றார் பூட்டுக்கடைக்காரர்.

இரவு எட்டு மணிக்கு ஆசிரியர் மூன்றாவது மாடிக்கு ஏறினார். படிக்கட்டு வெறுமையாக இருந்தது. கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தது; உள்ளே ரேடியோ பாடியது. பாராட்டுக்குரிய ஒருவர் தம் கையாலேயே கதவைத் திறந்துகொண்டு நுழைவது பொருத்தமில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். மணியை அழுத்தினார். சற்றுப் பொறுத்து மறுபடி அழுத்தினார்.

ரேடியோவின் ஒலி கொஞ்சம் குறைந்தது.

“உங்ககிட்டதான் சாவி இருக்கே!” என்றது உள்ளேயிருந்து குரல்.