பெருமாள் சாரின் இரண்டாவது ஹெல்மெட்

"கண்டிப்பானவர். தனிமை விரும்பி. எளிதில் யாருடனும் பழகாதவர். பொழுதுபோக்கு: தியானம்."

இலஞ்சியில் உள்ள உதவிபெறும் பள்ளி ஒன்றின் ஆண்டுவிழா மலரில், கணித ஆசிரியரும் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் பொறுப்பாளருமான சிவனணைந்தபெருமாளின் படத்துக்குக் கீழே இப்படித்தான் அச்சாகியிருக்கிறது. மலர் கைக்கு வந்த நேரத்தில் தியானப் பிரியர் ஆசிரியர் அறை மேசைமேல் ஏறி நின்று, டஸ்டரை மைக்காகப் பிடித்துக்கொண்டு, தலைமையாசிரியர் காலைப் பிரார்த்தனையில் தும்முவது எப்படி என்று செய்து காட்டிக்கொண்டிருந்தார். தும்முவதற்கு முன்னால் தலைமையாசிரியர் இரண்டு கைகளையும் விரித்துக் கூட்டத்தை அமைதிப்படுத்துவார். அதில் கடினமான பகுதி அதுதான். பெருமாள் தனியாகப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் கொட்டாவி விடுவார். வங்கி வரிசையில் நின்றால், முன்னால் நிற்பவரின் மகள் எந்தக் கல்லூரியில் படிக்கிறாள் என்பதுவரை தெரிந்துகொண்டுதான் கவுண்டருக்குப் போய்ச் சேருவார்.

அந்த நாலு வரியை எழுதியவர் தமிழாசிரியை ஆனந்தவள்ளி. மலர் எந்தப் பெண் வீட்டார் கையிலாவது சிக்கினால் பையனுக்கு உதவட்டும் என்ற நல்லெண்ணம். "கலகலன்னு இருப்பாருன்னு எழுதினா எவன் பொண்ணு குடுப்பான்?" என்று அவர் கேட்டதில் நியாயம் உண்டு. அப்போது அவருக்கு லாட்ஜ் விஷயம் தெரியாது.

சிவனை அணைந்த பெருமாள். தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் யாருக்காவது வைக்கிற பெயர். ஊர் வாய் நிறையக் கூப்பிடுகிறது, பொருளை நின்று யோசித்தவர் இல்லை. இந்தத் தலைமுறையில் அதைச் சுமப்பவருக்கு வயது இருபத்தொன்பது. அவருக்குப் பெண் வேண்டியதில்லை. அவருக்குப் பெலிக்ஸ் இருக்கிறார். செங்கோட்டைக்காரர், ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். நாலு வருஷப் பழக்கம். இது தெரிந்த மூன்றாம் ஆள் ஒருவர்தான். அவர் பிறகு வருவார்.

ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் தலையாய வேலை, மாடிப்படிக்குக் கீழே பத்தாம் வகுப்புப் பையன்களும் பெண்களும் நின்று பேசுவதைப் பிடிப்பது. பெருமாள் பொறுப்பேற்ற பிறகு ஒரு கேஸ்கூடப் பதிவாகவில்லை. முறை எளிது. வராந்தாவின் அந்தக் கோடியில் கிளம்பும்போதே சாவிக்கொத்தைக் குலுக்க ஆரம்பிப்பார். பாதி வழியில் தொண்டையைச் செருமுவார். அதன்பிறகும் சந்தேகம் இருந்தால், வெறும் சுவரைப் பார்த்து, "ஏலே, யாருலே அங்கன?" என்று அதட்டுவார். மாடிப்படிக்கு வந்து சேரும்போது அங்கே துடைப்பம் மட்டும் சாய்ந்து நிற்கும். "பெருமாள் சார் நடந்து வந்தாலே பிள்ளையெல்லாம் நடுங்குது" என்று தலைமையாசிரியர் நிர்வாகக் குழுவில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். வேறு பள்ளிகளிலிருந்து வந்து அவரிடம் யோசனை கேட்டுப் போனவர்களும் உண்டு. சாவிக்கொத்தைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவருடைய பைக் குற்றாலத்துக்குக் கிளம்பும். பின் இருக்கையில், வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டிய ஊதா ஹெல்மெட்டோடு ஆங்கில ஆசிரியை ஜெபமலர். மடியில் விடைத்தாள் கட்டு. மூன்றாம் ஆள் இவர்தான். இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். ஜெபமலருக்கு மதிப்பெண்ணைக் கூட்ட வராது. ஒரே தாளை மூன்று தடவை கூட்டினால் மூன்று விடை வரும்; நடு விடையை எழுதிவிடுவார். பெருமாள் தாளைப் புரட்டுகிற வேகத்திலேயே கூட்டி முடித்துவிடுவார். அதற்குக் கூலி, ஜெபமலர் கூட வர வேண்டும். கல்யாணமாகாத வாத்தியார் வாராவாரம் தனியாகக் குற்றாலம் போனால் குடிக்கப் போகிறார் என்று அவருடைய அம்மா அழுவார். டீச்சரையும் ஏற்றிக்கொண்டு போனால் "டிரெய்னிங்" என்று சொல்லிக்கொள்ளலாம். கல்வித் துறை வாராவாரம் எதற்காவது பயிற்சி வைக்கும் என்பதை நம்பாத தாய் இந்த மாவட்டத்தில் கிடையாது.

லாட்ஜின் கீழ்த்தளத்தில் மெஸ் உண்டு. ஜெபமலர் வரவேற்பு சோபாவில் உட்கார்ந்து திருத்துவார். சீசன் கூட்டத்தில் பெலிக்ஸ் மாடிக்கு ஓடினால், வந்து நிற்கிறவர்களுக்குச் சிவப்புப் பேனாவிலிருந்து தலை தூக்காமலே, "ரூம் இல்ல. மெயின் அருவில தடை. ஐந்தருவிக்குப் போங்க" என்று பதில் சொல்வார். கூட்டம் குறைந்ததும் மூவரும் சாப்பிடுவார்கள். பெலிக்ஸ் கோழி ஈரலைத் தன் இலையிலிருந்து பெருமாளின் இலைக்குத் தள்ளுவார். அந்தக் காதலின் பகிரங்கக் காட்சி அவ்வளவுதான்.

"எனக்கு எவம்லே தள்ளுவான்?" என்பார் ஜெபமலர்.

"ஒனக்குத் தனியா ஒரு கோழியே சொல்லியிருக்கேன், பேசாமத் தின்னுட்டி" என்பார் பெலிக்ஸ்.

பள்ளிக்கூடத்தில் பெருமாளும் ஜெபமலரும் "சார்", "மிஸ்", "வாங்க", "போங்க". இந்த அளவுக்கு மரியாதை கொடுத்துக்கொள்கிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று ஆசிரியர் அறை கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததும் சரி, அவர்கள் மறைத்ததும் சரி, ஆள்தான் மாறிப்போயிற்று. சாட்சி, உடற்கல்வி ஆசிரியர் பரமசிவன். சாரல் விழுந்த ஒரு சனிக்கிழமை குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொள்ள மல்லாந்து படுத்திருந்தவர், பைக் ஒன்று லாட்ஜுக்குள் திரும்புவதைத் தலைகீழாகப் பார்த்தார். அந்தக் கோணத்தில் ஊதா ஹெல்மெட்டும் லாட்ஜ் போர்டும் தெரிந்தன. பெலிக்ஸ் தெரியவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து ஆசிரியர் அறை ஒரு காதலை வளர்க்க ஆரம்பித்தது. இந்துப் பையன், கிறிஸ்தவப் பெண். இரண்டு வீடும் சம்மதிக்காது என்பதில் எல்லோருக்கும் நிறைவு. பதிவுத் திருமணத்துக்குக் கட்ட வேண்டிய சேலையை ஆனந்தவள்ளி டீச்சர் மனதில் எடுத்து வைத்துவிட்டார். சார்பதிவாளர் அலுவலகத்தில் தனக்கு ஆள் இருப்பதாகப் பரமசிவன் அடிக்கடி, யாரும் கேட்காமலே, சொல்வார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று பெருமாள் மறுக்கும்போது, அந்த மறுப்பின் நயத்தை ரசித்தார்கள்.

பிறகுதான் ஜெபமலர் லட்டு டப்பாவோடு வந்தார். மாப்பிள்ளைக்குச் செங்கோட்டை, புனலூரில் வங்கி வேலை. பார்க்க வந்தவர்களில் பலரை ஜெபமலர் திருப்பி அனுப்பியிருக்கிறார். இவரிடம் போனில், தனக்குக் கூட்டல் வராது என்று சொல்லிப் பார்த்தார். "அதுக்கென்ன, நான் கூட்டிக்கிடுதேன். நீங்க மத்ததப் பாருங்க" என்றாராம் அவர். அந்த ஒரு வார்த்தையை ஜெபமலர் பெருமாளிடமும் பெலிக்ஸிடமும் எத்தனை தடவை சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை. "இனிமே ஒன் வேல போச்சுலே" என்று பெருமாளிடம் சொல்லிச் சிரித்தார்.

ஆசிரியர் அறை அந்தச் சிரிப்பை நம்பவில்லை. குடும்பத்துக்காகப் பெண் காதலைத் தியாகம் செய்துவிட்டது என்று முடிவு கட்டியது. அடுத்த இரண்டு வாரம் பெருமாளுக்குத் துக்கம் விசாரிப்பு. ஆனந்தவள்ளி டீச்சர் சொதியும் இஞ்சிப் பச்சடியும் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தார். பரமசிவன் தோளைத் தட்டி, "விடுங்க சார். எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார். பெருமாள் முதலில் விளக்கப் பார்த்தார். பிறகு சொதி நன்றாக இருந்தபடியால் காதலில் தோற்றவராகவே தொடர்ந்தார்.

அதோடு நின்றிருந்தால் நல்லது. ஆசிரியர் அறைக்கு ஜெபமலர்மேல் உண்மையான பிரியம். பழைய கதை மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று கூடிப் பேசி, யார் வந்து கேட்டாலும் ஒரே பதில் சொல்வது என்று தீர்மானித்தார்கள்.

ஆகஸ்டில், பள்ளி வேலைநாள் ஒன்றில், வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வந்து, "இங்கன எட்டாங் கிளாசுக்கு அட்மிஷன் உண்டுமா?" என்று கேட்டார். ஆகஸ்டில் அட்மிஷன் கேட்டு வருகிறவர் பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்தவர் என்பது தென்காசி வட்டாரத்தில் சுவருக்கும் தெரியும். மாப்பிள்ளையின் தாய்மாமா, பெயர் ஞானசிகாமணி, சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"உண்டு அண்ணாச்சி," என்றார் வாசலில் நின்ற பரமசிவன். "நல்ல ஸ்கூலு. ஜெபமலர் மிஸ்ஸும் பெருமாள் சாரும் அண்ணன் தங்கச்சி மாதிரிதான்."

"யாரு பெருமாளு?"

"கணக்கு சார். லாட்ஜுக்கெல்லாம் ரெண்டு பேரும் போகவே மாட்டாங்க."

உள்ளே ஆனந்தவள்ளி டீச்சர் அண்ணன் தங்கச்சி என்றார். மணி அடிக்கிற பாலம்மாள் அண்ணன் தங்கச்சி என்றார். தலைமையாசிரியர், தும்மி முடித்துவிட்டு, அதையே சொன்னார். எதிரே டீக்கடைக்காரர்வரை தீர்மானம் போயிருந்தது.

மதிய இடைவேளைக்குள் மாப்பிள்ளையிடமிருந்து ஜெபமலருக்குப் போன் வந்துவிட்டது. மாமா ஏதோ லாட்ஜ் என்கிறாரே, என்ன அது? கோபமாகக் கேட்கவில்லை, அதனால் பதில் சொல்ல இன்னும் கஷ்டமாக இருந்தது. அங்கே மெஸ்ஸில் சாப்பிடுவோம் என்று மட்டும் ஜெபமலர் சொன்னார். மாமா சரி என்று சொல்லாவிட்டால் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பெருமாளைப் பிடித்து நிறுத்தினார் ஜெபமலர்.

"ஏலே, அந்த மாமா ஒன்ட்டயும் வருவாரு. கூட வேல பாக்கேன், அவ்வளவுதான்னு சொல்லு. வேற வாயத் தொறக்காத."

"அவ்வளவுதான்னு சொன்னா இந்த எடம் போயிரும்ட்டி."

"போனாப் போவுது. ஒன் கதைய எடுத்துவிட்டுத்தான் நான் கல்யாணம் பண்ணணுமாக்கும்? வேல போயிரும், ஒங்க அம்மைக்குத் தெரிஞ்சிரும். சொல்லாத." குழாயைத் திறந்து முகம் கழுவினார். கழுவி முடித்த பிறகும் கண் சிவந்திருந்தது. "குளோரின் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

பள்ளி விட்டதும் ஞானசிகாமணி டீக்கடை பெஞ்சில் காத்திருந்தார்.

"தம்பி, காலையில இருந்து அஞ்சு பேர்ட்ட பேசியாச்சு. அஞ்சு பேரும் ஒரே வார்த்தை. சாட்சியெல்லாம் ஒண்ணு போல பேசினா, பாடஞ் சொல்லிக்குடுத்த வாத்தியார் யாருன்னுதான் எங்க புத்தி போகும். நீரே சொல்லும். அந்தப் பிள்ளைக்கும் ஒமக்கும் என்ன?"

பெருமாள் ஆறாவது சாட்சியாகியிருக்கலாம். ஊரில் எவர் குரலிலும் பேசத் தெரிந்தவருக்கு அந்த நேரம் பார்த்துத் தன் குரல் எது என்று தேட வேண்டியிருந்தது. "ஒரு நிமிசம் அண்ணாச்சி" என்று எழுந்து, புளியமரத்தடிக்குப் போய்ப் பெலிக்ஸுக்குப் போன் போட்டார்.

"மலரு மாப்பிள்ளையோட மாமா நிக்காரு. நம்மளச் சொன்னாத்தான் இந்தக் கல்யாணம் நடக்கும். சொல்லவா?"

"செங்கோட்டைக்காரர்லா. எங்க அப்பாவத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கும்."

"மலரு என்ன சொல்லுதா?"

"சொல்லக் கூடாதுங்கா."

"அப்பம் சொல்லத்தான் வேணும்," என்றார் பெலிக்ஸ். "இங்கன கூட்டிட்டு வா. சாப்பிடுவாரான்னு கேளு."

பெருமாள் திரும்பி வந்தார். "அண்ணாச்சி, ஒரு எடம் வரைக்கும் வரணும். பத்து நிமிசந்தான்."

"எங்க?"

"லாட்ஜுக்கு."

ஓய்வு பெற்ற முதுகு நிமிர்ந்தது. ஆனால் ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் ஏற மாட்டேன் என்று சட்டம் பேசினார். இரண்டாவது ஹெல்மெட் ஒன்றுதான் இருந்தது. வண்ணத்துப்பூச்சியோடு அதை மாட்டிக்கொண்டு, வேட்டியை இறுக்கிப் பின்னால் ஏறினார். பைக் பள்ளி வாசலைத் தாண்டியபோது தூரத்தில் குடை பிடித்து நின்ற பரமசிவன் கண்ணில் வேட்டி படவில்லை, ஊதா பட்டது. "பாக்காதீங்க டீச்சர்," என்று ஆனந்தவள்ளியின் பக்கம் குடையைச் சாய்த்தார். "கடைசியா ஒரு தடவ போயிட்டு வரட்டும்."

வழியெல்லாம் சாரல். பெருமாள் வாய் திறக்காமல் வண்டி ஓட்டியது அன்றைக்குத்தான்.

வழக்கமாக லாட்ஜ் வாசலில் வண்டியை நிறுத்தியதும் சாவியைக் குலுக்குவார். பெலிக்ஸ் எட்டிப் பார்ப்பார். அன்று சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பெலிக்ஸ் சட்டை மாற்றி, தலை சீவி, கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சோபாவில் அறை கேட்டு வந்த குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஞானசிகாமணி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ரிஜிஸ்டரையும் மாடிப்படியையும் பார்த்தார். குற்றவாளி யார் என்று தேடுகிற பழைய பார்வை.

"அண்ணாச்சி, சனிக்கிழம சனிக்கிழம நான் பாக்க வாரது இவரத்தான். நாலு வருசமா," என்றார் பெருமாள். "ஜெபமலர் அந்தச் சோபால இருந்து பேப்பர் திருத்தும்."

பிறகு கவுண்டரைச் சுற்றி அந்தப் பக்கம் போய், பெலிக்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.