வெளிநாட்டார் டிக்கெட்

டயகமவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து எங்கள் லய வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய காட்டில் ஓர் அருவி இருக்கிறது. அதனடியில் நிற்கும் கல்தான் எங்கள் முனியாண்டி. முட்டி ஆபரேஷன் முடிந்து மறுபடி நடந்தால் அங்கே தேங்காய் உடைப்பதாக அம்மா நேர்ந்திருந்தார்.

நான் ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். பௌர்ணமிப் போயா லீவுக்கு வந்து அம்மாவைக் கூட்டிப் போனேன். தடியூன்றி, நின்று நின்று ஏறினார். காட்டு வாசலுக்குப் போனால், புதிதாக ஒரு கம்பிக் கதவும் டிக்கெட் கவுண்டரும். உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைப்போலப் பல மடங்கு.

"ஐடென்டி காட்டுங்க" என்றார் கவுண்டரில் இருந்த சிங்கள இளைஞர்.

என்னுடையதைக் காட்டினேன். அம்மாவின் அட்டை பெயர் திருத்தப் போய் மாதக்கணக்காகத் திரும்பவில்லை.

"அட்டை இல்லாட்டி வெளிநாட்டு டிக்கெட்தான் அக்கா."

"மாத்தயா, இவங்க இந்த மலையிலதான் காலம் பூரா கொழுந்து எடுத்தாங்க. அந்தா தெரியுதே, அதுதான் எங்க லயம்."

அவர் மேலதிகாரிக்குப் போன் போட்டார். சிங்களத்தில் கெஞ்சிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "வரி மட்டும் அரசாங்கத்துக்குப் பத்தாதாம். இந்த மாதிரி இடத்துல இருந்தும் வருமானம் வரணுமாம்."

அவரைத் திட்டவும் முடியவில்லை. திட்ட வேண்டியவர் போனுக்கு அந்தப் பக்கம் இருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பர்சைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளக்காரி காசக் கட்டி எஞ்சாமியப் பாக்கணுமா? வேணாம். நீ போய் ஒடச்சிட்டு வா."

தனியாகப் போனேன். கல்லில் சாய்ந்து நின்று இரண்டு பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விலகும்வரை காத்திருந்து தேங்காயை உடைத்தேன். கும்பிடக் கை சேரவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

திரும்பி வந்தபோது, இளைஞர் தன் நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்திருந்தார்.

"நல்லா ஒடஞ்சுச்சா?"

"ஒடஞ்சுச்சும்மா."

"ஒடச்சது நீதானே. என் நேத்தி அப்புடியேதான் கெடக்கு."

இறங்கும்போது நான் வழியெல்லாம் யாரையோ ஏசிக்கொண்டு வந்தேன்.

அடையாள அட்டை மழைக்காலம் முடிந்த பிறகு வந்தது. அதற்குள் அம்மாவின் முட்டி மறுபடி வீங்கிவிட்டது. வாசல்படி இறங்கவே இப்போது ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.